மாத்திரைப் பைக்கு யார் பொறுப்பு?

(இளம்பிள்ளையில் நடந்த முதியோர் நலக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்தவன். முப்பத்தைந்து ஆண்டுகள் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். எனவே எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்று இங்கே நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல உரியவர்கள் வேறு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு என்ன ஆகிறது? அதைப் பற்றி மட்டும்தான் பேச வந்திருக்கிறேன்.

இது சேலைக்குப் பேர் போன ஊர். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தறியோடு சம்பந்தப்பட்டவர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? தறி நிற்காது. ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் நெய்து முடித்து விரித்துப் பார்த்தால், சேலை நெடுகக் கோடு விழுந்திருக்கும். வயதானவர்கள் மருந்து சாப்பிடுவதில் ஏற்படும் தவறும் இப்படித்தான். அன்றைக்கே தெரியாது. தெரிய வரும்போது சேதம் ஆகியிருக்கும்.

என் வீட்டில் நடந்தது

ஊருக்கு உபதேசம் சொல்லும் முன் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

என் அத்தா கைத்தறி நெசவாளர். தன் எழுபது வயது வரை தறிக்குழியில் கால் வைத்தவர். அவருக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. 2016இல் அவருக்கு எழுபத்தெட்டு வயது. நெஞ்சில் சளி கட்டி, ஒரு மருத்துவமனையில் ஆறு நாள் சேர்த்திருந்தோம். குணமாகி வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு சீட்டு. ஒரு பை நிறையப் புது மாத்திரைகள்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில்தான் அத்தாவின் பழைய மாத்திரைகள் இருக்கும். புது மாத்திரைகளையும் அம்மா அதே டப்பாவில் போட்டார். "பழையதும் சாப்பிடணுமா?" என்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை. "பழையதை நிறுத்துங்கள்" என்று யாரும் சொல்லவும் இல்லை. அத்தா இரண்டையும் சாப்பிட்டார்.

பழைய அட்டையில் ஒரு கம்பெனிப் பெயர். புது அட்டையில் வேறொரு கம்பெனிப் பெயர். உள்ளே இருந்த மருந்து என்ன தெரியுமா? இரண்டிலும் கிளிமிபிரைடு. சர்க்கரையைக் குறைக்கும் ஒரே மருந்து, இரண்டு சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு டப்பாவில் உட்கார்ந்திருந்தது! அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவன் யார்? அதே வீட்டில் குடியிருந்த மருந்தாளுநனாகிய நான்! காலையில் கிளம்பி இரவு திரும்பும் நான், அந்த டப்பாவை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

நாலாவது நாள் இரவு அத்தாவுக்குப் பசி இல்லை. கால் தோசை சாப்பிட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். விடியற்காலை நாலு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்தவர் தடுமாறி விழுந்தார். ஓடிப் போய்த் தூக்கினால் உடம்பெல்லாம் வியர்வை. பேச்சு குழறுகிறது. பக்கவாதம் என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை 38! குளுக்கோஸ் ஏற்றியதும் பேச்சு வந்துவிட்டது. ஆனால் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அது சேரவில்லை. எட்டு மாதம் படுக்கையில் இருந்து, என் அத்தா மறைந்தார்.

அத்தாவைக் கொன்றது சர்க்கரை நோய் என்று உறவினர்கள் சொன்னார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனால் எனக்குத் தெரியும். அந்த டப்பாவுக்குப் பொறுப்பாளர் யாரும் இல்லாமல் போனதுதான் காரணம். அன்றிலிருந்து இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நூற்றுக்கு ஏழு பேர்

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த விபத்து என்று நினைத்துவிடாதீர்கள். நம் மாநிலத்தின் கணக்கைப் பாருங்கள். 2020இல் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. பெரியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, அதாவது 33.9 சதவீதம் பேருக்கு இரத்தக் கொதிப்பு. 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. இது கூட பெரிய செய்தி இல்லை. அடுத்த கணக்குத்தான் நெஞ்சைச் சுடுகிறது. கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மட்டுமே அது கட்டுப்பாட்டில் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம்.

நூறு பேருக்குப் பிரஷர் என்றால் ஏழு பேருக்குத்தான் கட்டுப்பாட்டில்! மற்ற தொண்ணூற்று மூன்று பேர்? சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலர் தெரிந்தும் மருந்து தொடங்கவில்லை. சிலர் தொடங்கி நிறுத்திவிட்டார்கள். சிலர் சாப்பிட்டும் முறையாகச் சாப்பிடவில்லை.

இதில் நம் மக்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது? வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்கிறது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே அந்த நிலை என்றால், வாரக் கூலியில் காலம் தள்ளும் நம் தறித் தொழிலாளியின் வீட்டில் நிலைமை எப்படி இருக்கும்? சிந்தித்துப் பாருங்கள்!

பிடிவாதம் என்று சொல்லாதீர்கள்

"எங்கம்மா சொன்ன பேச்சே கேட்க மாட்டாங்க. மாத்திரை போடச் சொன்னா போட மாட்டாங்க. ஒரே பிடிவாதம்." கவுண்டரில் நின்று நான் ஆயிரம் முறை கேட்ட வார்த்தை இது. மகன்கள் சொல்வார்கள், மருமகள்கள் சொல்வார்கள். உண்மையில் அது பிடிவாதமா?

முதலாவது, பிரஷர் வலிக்காது. பல் வலித்தால் மாத்திரை போடுகிறோம், வலி போகிறது. பிரஷர் மாத்திரை போட்டால் என்ன தெரிகிறது? ஒன்றும் தெரிவதில்லை. போடாவிட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. நல்லா இருப்பதே மாத்திரையால்தான் என்பதை அவருக்குப் புரியும்படி நாம் சொன்னோமா?

இரண்டாவது, கண். மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்து இளைஞர்களுக்கே படிக்க முடியாத அளவு சிறியது, அதுவும் ஆங்கிலத்தில். ஆகவே வயதானவர்கள் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருப்பார்கள். "வெள்ளை காலையில, ரோஸ் ராத்திரியில." கம்பெனி மாறினால் நிறம் மாறிவிடும்! போன மாதம் ரோஸ் நிறத்தில் வந்தது இந்த மாதம் வெள்ளையாக வருகிறது. பெரியவரின் கணக்கு முழுவதும் குழம்பிப் போகிறது.

மூன்றாவது, காது. வாழ்நாளெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகிவிடும். டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். பாதி காதில் விழுந்திருக்காது. திரும்பக் கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தை நாம் பிடிவாதம் என்கிறோம்.

நான்காவது, காசு. இதை வெளியில் சொல்ல மாட்டார்கள். மகன் வாரக் கூலியில் கஷ்டப்படுவது அவர்களுக்குத் தெரியும். பத்து மாத்திரை வாங்க வேண்டிய இடத்தில் நாலு வாங்குவார்கள். தினம் ஒன்று போட வேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள். கடைக்காரர் நாலு மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுப்பார். மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் மிச்சத் துண்டில் போய்விடும். வீட்டில் கிடப்பது பெயரில்லாத மாத்திரை!

ஐந்தாவது, விழுங்க முடியாமை. பெரிய மாத்திரை தொண்டையில் சிக்கும் என்ற பயத்தில் உடைத்தோ பொடித்தோ போடுவார்கள். எல்லா மாத்திரையையும் உடைக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர். என்று எழுத்து இருந்தால், அது மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும்படி செய்த மாத்திரை. அதைப் பொடித்தால் முழு அளவும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். உடைப்பதற்கு முன் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிறிய மாத்திரையாகவோ மருந்து நீராகவோ கிடைக்கலாம்.

இப்போது சொல்லுங்கள். இதில் எது பிடிவாதம்? கண்ணும் காதும் கையும் தளர்ந்த ஒருவரிடம், நாளுக்குப் பத்து மாத்திரைகளை நேரம் பிரித்து, உணவுக்கு முன் பின் பார்த்துச் சாப்பிடும் வேலையை ஒப்படைத்துவிட்டோம். நம்மில் எத்தனை பேரால் அந்த வேலையை ஒரு மாதம் பிசகாமல் செய்ய முடியும்?

மருந்தே நோயாகும்போது

குறைவாகச் சாப்பிடுவது மட்டும் ஆபத்து இல்லை. அதிகமாகச் சேர்வதும் ஆபத்து. வயதாக ஆக சிறுநீரகமும் கல்லீரலும் மெதுவாக வேலை செய்யும். நாற்பது வயதில் உடம்பை விட்டு நாலு மணி நேரத்தில் வெளியேறிய மருந்து, எண்பது வயதில் அதிக நேரம் தங்கும். எனவே அதே மருந்து அதிகமாக வேலை செய்யும்.

ஓர் உதாரணம். பிரஷருக்கு அம்லோடிபின் என்ற மாத்திரை. நல்ல மருந்துதான். சிலருக்கு அதனால் கால் வீங்கும். கால் வீக்கத்தைக் காட்ட வேறொரு டாக்டரிடம் போகிறார்கள். பழைய மாத்திரையைப் பற்றிச் சொல்வதில்லை. அவர் நீர் பிரியும் மாத்திரை எழுதுகிறார். பெரியவர் இரவில் நாலு முறை எழுகிறார். உடம்பில் நீரும் உப்பும் குறைந்து தலை சுற்றுகிறது. தலைச்சுற்றலுக்கு இன்னொரு மாத்திரை. ஒரு மாத்திரையின் பக்க விளைவுக்கு இன்னொரு மாத்திரை என்று சங்கிலி நீள்கிறது. கடைசியில் இருட்டில் விழுந்து எலும்பு முறிகிறது. முதலாவது டாக்டரிடமே போய் "இதைப் போட்டதிலிருந்து கால் வீங்குகிறது" என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

இன்னொன்று நம் பகுதியில் சர்வசாதாரணம். மூட்டு வலி, இடுப்பு வலி. தறியில் நின்ற உடம்பு, வலிக்காமல் இருக்குமா? உடனே கடையில் "செட் மாத்திரை" வாங்கிப் போடுகிறோம். என் தொழில்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்கிறேன். சீட்டில்லாமல் கொடுக்கும் அந்தப் பொட்டலத்தில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இருக்கும். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். சில பொட்டலங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். அது சர்க்கரையை ஏற்றிவிடும். ஒரு கையால் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, மறு கையால் சர்க்கரையை ஏற்றும் மாத்திரையைப் போடுகிறோம்! மூலிகைப் பொடி, லேகியம் சாப்பிடுவோரும் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. மறைத்தால் அவர் இருட்டில் அம்பு விடுகிறார்.

1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பீர்ஸ் என்பவர், முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அவர் பெயராலேயே அது இன்று வரை புதுப்பிக்கப்பட்டு வருகிறது. தூக்க மாத்திரைகள், சளிக்குத் தரும் தூக்கம் வரவழைக்கும் மருந்துகள், நீண்ட நேரம் வேலை செய்யும் கிளைபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை ஆகியவை அதில் உண்டு. பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! "இந்த வயதுக்கு இது ஒத்துக்கொள்ளுமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நீங்களாக நிறுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அட்டனலால், மெட்டோப்ரோலால் போன்ற இதய மாத்திரைகள், வலிப்பு மாத்திரை, நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியும். அதேபோல், காலையில் மறந்த மாத்திரைக்குப் பதிலாக இரவில் இரண்டாகப் போடுவதும் கூடாது.

ஊசி போடுவோர் கவனத்திற்கு

இன்சுலின் போடுவோர் வீட்டில் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது மற்றொன்று. 40க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100க்கு உரியது ஆரஞ்சு. குப்பி ஒன்று, சிரிஞ்சு மற்றொன்று என்று மாறிவிட்டால் என்ன ஆகும்? 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடம்புக்குள் போவது 20 இல்லை, 50 யூனிட்! இரண்டரை மடங்கு! கடையில் வாங்கும்போதே குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் பாருங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால் எப்படித் தெரியும்? வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல், சம்பந்தமில்லாத பேச்சு. வயதானவர்களுக்கு வியர்வையும் நடுக்கமும் வராமல், வெறும் குழப்பமும் தூக்கமும் மட்டும் வரலாம். 70க்குக் கீழே இறங்கினால், நினைவு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். உடனே 108ஐ அழையுங்கள். இதை அன்று நான் என் அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை. நீங்கள் உங்கள் வீட்டில் சொல்லி வையுங்கள்.

நோன்பு மாதத்தில்

நம் பெரியவர்களுக்கு நோன்பை விட மனம் வராது. "அறுபது வருஷமா விட்டதில்ல, இப்ப விடுவேனா?" என்பார்கள். அந்த ஈடுபாட்டை நாம் மதிக்கிறோம். ஆனால் நோயாளிக்குச் சலுகை தந்திருப்பதும் அதே மார்க்கம்தான். குணமாகாத நோயாளி நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா என்ற வழியும் இருக்கிறது. தந்த சலுகையை வேண்டாம் என்று சொல்லி உயிரை வருத்திக்கொள்ளும்படி யாரும் கேட்கவில்லை.

இந்தியா உட்பட 13 நாடுகளில் சர்க்கரை நோயாளிகளிடம் நோன்பு குறித்து ஓர் ஆய்வு நடந்து, 2004இல் வெளியானது. பொதுவாகப் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு வைத்திருந்தார்கள். கடுமையான சர்க்கரைத் தாழ்வு மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு அதிகமாகியிருந்தது. காரணம் எளிது. உணவு நேரம் தலைகீழாகிறது; மாத்திரை மட்டும் பழைய கணக்கில் போகிறது.

எனவே ரமளானுக்கு ஓரிரு மாதம் முன்பே டாக்டரிடம் போய், "நான் நோன்பு வைக்கலாமா? வைத்தால் எந்த மாத்திரையை எப்போது, எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். 70க்குக் கீழே போனாலும், 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். பள்ளிவாசல் இமாம்கள் நோன்புக்கு முந்தைய ஜும்ஆவில் இதைச் சொன்னால் எத்தனையோ உயிர்கள் பிழைக்கும்.

ஒரு பை, ஒரு தாள், ஒரு ஆள்

சரி, என்னதான் செய்வது? நான் சொல்வது மூன்றே மூன்று.

ஒரு பை. இன்று வீட்டுக்குப் போனதும், அலமாரி, தலையணை அடி, பிஸ்கட் டப்பா, குளிர்பெட்டி என்று எங்கெங்கே மாத்திரை கிடக்கிறதோ எல்லாவற்றையும் எடுத்து ஒரே பையில் போடுங்கள். தைலம், பொடி, லேகியம், சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், பையோடு போங்கள். மேசையில் கொட்டி, "இதில் எது வேண்டும், எது வேண்டாம்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றதை வீட்டுக்குத் திரும்பக் கொண்டு வராதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் இதைச் செய்வது மிக மிக அவசியம். என் அத்தாவைப் பறிகொடுத்தது அந்த நாளில்தான்.

ஒரு தாள். ஒரு வெள்ளைத் தாளில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுங்கள். மருந்தின் பெயர், எதற்கு, காலையா மதியமா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது. அட்டையில் அச்சிட்டிருக்கும் மூல மருந்தின் பெயரையும் எழுதுங்கள். இரண்டு வரியில் ஒரே மூலப்பெயர் வந்தால் உடனே கேளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா படம் போட்டுக் கொடுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அதனிடம் கொடுங்கள். பேரன் எழுதிய தாள் என்றால் பெரியவர் ஆசையோடு பார்ப்பார்.

ஒரு ஆள். இதுதான் முக்கியம். "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மகனோ மகளோ மருமகளோ பேத்தியோ, யாராவது ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். எப்போதும் மருமகள் தலையிலேயே கட்டிவிடாதீர்கள் என்று ஆண்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். ஏழு நாளைக்கு வேண்டியதை அறை அறையாகப் பிரித்த டப்பாவில் போட்டு வைத்தால், திறந்து பார்த்ததும் போட்டாரா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த டப்பா இல்லாவிட்டால் ஏழு சின்னக் காகித உறை போதும். அட்டையை விட்டு எடுத்தால் கெட்டுப் போகும் மாத்திரையும் உண்டு. அதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தனியாக வசிக்கும் பெரியவர்கள்? பிள்ளைகள் திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தெரு இளைஞர்கள் ஆள் ஆகட்டும்! எந்த மதத்தவர், எந்தச் சாதி என்று பார்க்க வேண்டாம். பிரஷருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்

வீட்டின் பொறுப்பைச் சொன்னேன். அரசின் பொறுப்பும் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கித் தரும் அந்த முறையை மற்ற மாநிலங்களும் பின்பற்றின. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை தருவதும், படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சை தருவதும் அந்தத் திட்டம். 2024இல் ஐ.நா.வின் விருதும் அதற்குக் கிடைத்தது. விலை குறைந்த மருந்துக்கு மக்கள் மருந்தகங்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன.

இவற்றைக் கேட்டுப் பெறுவது தர்மம் வாங்குவது ஆகாது. நம் வரிப்பணத்தில் வரும் உரிமை அது. உங்கள் தெருவில் தன்னார்வலர் வராவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். 104க்கு அழைத்து விவரம் கேளுங்கள்.

மூன்று கோரிக்கைகளை இந்தக் கூட்டத்தின் சார்பில் வைக்க விரும்புகிறேன். ஒன்று, அரசு மருந்தகங்களில் மாத்திரையை வெறும் கையில் வைக்காமல், காலை, மதியம், இரவு என்று பெரிய தமிழ் எழுத்தும் படமும் அச்சிட்ட உறையில் போட்டுத் தர வேண்டும். இரண்டு, அரசோ தனியாரோ, டிஸ்சார்ஜ் சீட்டில் "நிறுத்த வேண்டிய பழைய மருந்துகள்" என்று தனியாக ஒரு கட்டம் தமிழில் இருக்க வேண்டும். மூன்று, வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் தாங்கள் தரும் மாத்திரையோடு, வீட்டில் ஏற்கெனவே இருப்பதையும் பார்த்து எழுதிப் போக வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல இவை. ஒரு கட்டம், ஓர் உறை, பத்து நிமிடம். அவ்வளவுதான்.

அன்பானவர்களே! நம்மைத் தூக்கி வளர்த்தவர்கள், நாம் காய்ச்சலில் கிடந்தபோது மருந்தைத் தேனில் குழைத்து, அழுத வாயைப் பிடித்து ஊட்டியவர்கள். "பிடிவாதக்காரப் பிள்ளை" என்று சொல்லி நம்மை விட்டுவிடவில்லை. இன்று அந்த முறை நமக்கு வந்திருக்கிறது.

என் அத்தாவின் அந்தப் பிஸ்கட் டப்பா இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் இப்போது அம்மாவின் மாத்திரைகள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானே திறந்து பார்க்கிறேன். நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும், சாப்பாட்டில் கை வைக்கும் முன், உங்கள் வீட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். இதுவே உங்களிடம் நான் வேண்டிக் கேட்பது.